ஆயத்தப்படுவது அவிசுவாசமா? எரேமியா 29:11 குறித்து ஒரு கேள்வி

பொருநைக்கரை | பாளையங்கோட்டை | திங்கள், இரவு 10.40

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான்கு ஆண்டுகளாக இங்கே வாசித்து மட்டும் வந்திருக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

என் கணவருக்கு 47 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, கடந்த 14 மாதங்களாகச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் டயாலிசிஸ் செய்து வருகிறார். என் இரத்த வகை அவருக்குப் பொருந்தவில்லை. அவருடைய தம்பிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவராலும் கொடுக்க முடியவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறப்படும் உறுப்புக்காகப் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். அழைப்பு அடுத்த வாரமும் வரலாம், மூன்று ஆண்டுகள் கழித்தும் வரலாம், வராமலே போகவும் செய்யலாம்.

சென்ற டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது என் கைக்கு எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்." அந்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வீட்டை விட்டுப் புறப்படுகிறோம்.

போன மாதம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்றாலும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்ற எண்ணம் வந்தது. காப்பீட்டுத் தாள், வருங்கால வைப்பு நிதி, எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. வங்கிக் கணக்கில் நாமினியாக இன்னும் அவருடைய அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

இவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டுக் கூட்டத்தில் சொன்னபோது, மூத்த அக்கா ஒருவர், "கர்த்தர் கையில் வாக்குத்தத்தத்தைக் கொடுத்திருக்கும்போது நீ சாவுக்குத் தாள் தயார் பண்ணுகிறாயா? அது அவிசுவாசம் அல்லவா?" என்று கேட்டார். அவர் என் மேல் அன்பு உள்ளவர். இந்த 14 மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அவர் சமைத்து அனுப்பிய நாட்களுக்குக் கணக்கில்லை. ஆகவே அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்: நம்பிக்கையோடு காத்திருக்கிறவள் தாள்களை எடுத்து அடுக்கலாமா?

எபெனேசர்7 | சென்னை | திங்கள், இரவு 11.25

அன்புச் சகோதரிக்கு, உங்கள் பாரம் எங்கள் பாரமாக இருக்கிறது. நாளை எங்கள் உபவாச ஜெபத்தில் உங்கள் கணவரை நினைவுகூருவோம்.

ஆனாலும் அந்த அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11:1 சொல்லுகிறது. யவீருவின் மகள் இறந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்து சொன்னபோதும், இயேசு அவனிடம் அடக்கத்துக்கு ஏற்பாடு செய் என்று சொல்லவில்லை. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்றார். மனம் ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் நடக்க முடியாது. ஒரு கையால் வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அது நிறைவேறாத நாளுக்கான ஏற்பாடுகளைச் செய்தால், இரவு தூங்கும்போது மனத்தில் நிற்பது எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் தாள்களைப் பற்றிப் பேசவில்லை. இருதயம் எங்கே சாய்கிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எழுத்தாணி | மதுரை | செவ்வாய், காலை 6.10

வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. என் தாயாரின் வேதாகமத்தில் முப்பது ஆண்டுகளின் அட்டைகள் இருக்கின்றன. அட்டையின் அளவுதான் என் குறை. அதில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எரேமியா 29:11 ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி, அதற்கு முந்தின வரி 70 வருஷம் என்று சொல்லுகிறது. 70 வருஷம் என்று அச்சிட்ட அட்டையைப் புத்தாண்டு இரவில் எவரும் விரும்பி எடுக்கப்போவதில்லை.

கி.மு. 597இல் எருசலேமிலிருந்து ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அவர்கள் எதிர்பார்த்த முடிவு இன்னதென்பதில் ஐயமே இல்லை. சீக்கிரமாக ஊர் திரும்புவதுதான். அதே எதிர்பார்ப்பை அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று முழங்கினான்: இரண்டு வருஷத்துக்குள்ளே எல்லாம் திரும்பி வரும். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். 28ஆம் அதிகாரத்தில் என்னைத் தொடும் இடம், அனனியா பேசி முடித்ததும் எரேமியா முதலில் சொன்ன வார்த்தை: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. அவரும் அதைத்தான் விரும்பினார். விரும்புவது வேறு, கர்த்தர் சொன்னார் என்று சொல்வது வேறு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு, சொல்லைப் பற்றி ஒன்று. "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வரும் இடத்தில் எபிரெயத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. "அகரீத்" என்பது பின்னால் வருவது, பிற்காலம். "திக்வா" என்பது நம்பிக்கை. இரண்டையும் இணைத்து ஒரே தொடராக்கியது மொழிபெயர்ப்பாளரின் பிழை அன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் தமிழில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று படிக்கும்போது, நான் மனத்தில் குறித்துவைத்த முடிவைக் கர்த்தர் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார் என்ற பொருள் நம்மை அறியாமலே உள்ளே வந்துவிடுகிறது. ஒரு பிற்காலத்தையும் அதற்காகக் காத்திருக்கும் நம்பிக்கையையும் தருகிறேன் என்பதே அந்த வரி. அது எப்படிப்பட்ட பிற்காலம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அந்த வரி நமக்குத் தரவில்லை.

"திக்வா" என்ற சொல்லே யோசுவா 2ஆம் அதிகாரத்தில் கயிற்றைக் குறிக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். எரிகோ நகரத்து ராகாப் என்ற பெண் சன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிறு அது. நகரம் விழப்போகிறது என்று தெரிந்தவள்தான் அதைக் கட்டினாள்.

எபெனேசர்7 | சென்னை | செவ்வாய், காலை 9.02

ஐயா எழுத்தாணி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவை எங்கே வைப்பீர்கள்? 2 இராஜாக்கள் 20இல் ஏசாயா தீர்க்கதரிசியே வந்து, உம்முடைய வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், பிழைக்கமாட்டீர் என்று சொன்னார். எசேக்கியா பத்திரங்களைத் தேடவில்லை. சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஏசாயா முற்றத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. ஒழுங்குபடுத்து என்ற கட்டளையே ஜெபத்தால் மாறிற்று என்றால், கட்டளை வருவதற்கு முன்பே நாம் ஏன் ஒழுங்குபடுத்த வேண்டும்?

இரவுப்பணி | வேலூர் | செவ்வாய், பிற்பகல் 3.30

நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சகோதரர் எபெனேசர் அவர்களே, அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தையும் வாசியுங்கள். 15 வருஷம் கிடைத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் போடச் செய்தார். வாக்குத்தத்தம் வந்தபின்பும் மருந்து வந்தது.

அக்கா, உங்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்கிறவர்கள் எங்களிடம் பேசும் பேச்சுகளில் பெரும்பகுதி தங்கள் உயிரைப் பற்றியது அன்று. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், திருப்பித் தரவேண்டிய கைமாற்று, இன்னும் பெயர் மாற்றாத நிலம், இவைதாம். வீட்டில் பேசினால் மனைவி உடைந்துவிடுவாள் என்று எங்களிடம் சொல்லுவார்கள். மனைவி வெளியே நின்று, அவரிடம் பேசினால் மனம் விட்டுவிடுவார் என்பார். நடுவில் நான் நிற்பேன். நீங்கள் முதலில் பேச வேண்டியது எங்களிடம் அன்று, உங்கள் கணவரிடம்.

பழைய_பதிவாளர் | தஞ்சாவூர் | செவ்வாய், இரவு 8.45

நான் வேத பண்டிதன் அல்லன். பத்திரப்பதிவு அலுவலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதனால் வேதாகமத்தில் மற்றவர்கள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதியை நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பது வழக்கம். எரேமியா 32ஆம் அதிகாரம் அது.

சூழ்நிலையைப் பாருங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதற்காகவே அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவருடைய பெரிய தகப்பனாரின் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உன்னுடையது என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும் ஊர். முற்றுகைக்கு வெளியே, எதிரியின் கைக்குள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருந்தால் பாபிலோன் ராஜா என்ற ஒரே பதிவுதான் வந்திருக்கும்.

கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்து எரேமியா வாங்குகிறார். எப்படி வாங்குகிறார் என்பதில்தான் என் தொழில் புத்தி நிற்கிறது. விலை 17 சேக்கல் வெள்ளி. நாணயம் புழங்காத காலம் என்பதால் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 கிராம். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் தம் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படிக்கு ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். ஊர் பற்றி எரியப்போகிறது என்று நாற்பது ஆண்டுகள் பிரசங்கித்த மனிதர், பத்திரத்தை எந்தப் பாத்திரத்தில் வைக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார். நான் வேலை பார்த்த அலுவலகங்களில் நல்ல காலத்திலேயே இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் குறைவு.

இப்படி உள்ளே முத்திரையிட்டும் வெளியே திறந்தும் எழுதும் இரட்டைப் பத்திர முறை அந்த நாட்டில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. 1961இல் சாக்கடலோரத்துக் குகை ஒன்றில் பாபதா என்ற யூதப் பெண்ணின் 35 ஆவணங்கள் ஒரு தோல் பையில் கிடைத்தன. இரண்டு முறை விதவையானவள். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராகத் தொடங்கிய கலகத்தின்போது நிலப் பத்திரம், திருமண ஒப்பந்தம், மகனின் பராமரிப்புக்காகத் தொடுத்த வழக்கின் தாள்கள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு குகைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்ப வரவில்லை. திரும்பி வருவோம் என்று நினைக்காத ஒருத்தி பத்திரங்களைச் சுமந்துகொண்டு மலையேற மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

மகளே, பத்திரம் என்பது சாவின் தாள் அன்று. நாளை என்று ஒன்று உண்டு, அதில் யாரோ வாழப்போகிறார்கள் என்று நம்புகிறவன் எழுதுவதே பத்திரம்.

எபெனேசர்7 | சென்னை | செவ்வாய், இரவு 9.30

ஐயா, அருமையாக எழுதினீர்கள். ஆனால் ஓர் இடத்தில் ஒப்புமை இடறுகிறது. எரேமியா வாங்கினார். ஒரு நிலம் தமக்குக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் செய்த செயல் அது. சகோதரி செய்யப்போவது, இருப்பது தம்மை விட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில் செய்யும் செயல். இரண்டும் தாள்தான் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பழைய_பதிவாளர் | தஞ்சாவூர் | செவ்வாய், இரவு 10.15

நியாயமான ஆட்சேபம், தம்பி. அதற்குப் பதில் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியா விவாகம் பண்ணக்கூடாது, அவருக்கு அந்த இடத்தில் குமாரரும் குமாரத்திகளும் இருக்கக்கூடாது என்பது கர்த்தருடைய கட்டளை. வாரிசு இல்லாதவர் அவர். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளும் உழவில்லை. நகரம் விழுந்தபின் அவருடைய விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே பேசிக்கொண்டிருக்கும்போது நம் கண்ணிலிருந்து மறைகிறார். தமக்குக் கிடைக்கும் என்று அவர் வாங்கவில்லை. தமக்குக் கிடைக்காது என்று தெரிந்தே 17 சேக்கலை நிறுத்துக் கொடுத்தார்.

எஸ்றா 2:23ஐயும் பாருங்கள். பெயர்ப்பட்டியல் என்று எல்லாரும் தள்ளிவிடும் பக்கம் அது. பாரசீக ராஜா கோரேசின் கட்டளைக்குப் பின் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர். அந்த மண்பாண்டம் அவர்களில் எவர் கையிலாவது கிடைத்ததா என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் 128 பேர் வந்தார்கள்.

பொருநைக்கரை | பாளையங்கோட்டை | புதன், காலை 5.50

எல்லாருக்கும் நன்றி. ஆனதோத்தின் 128 பேரை இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஊர் திரும்பும் 128 பேர் வேண்டாம், ஒருவர் போதும். என் கணவர் எழுந்து பழையபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதைத்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அந்த எதிர்பார்ப்பை நான் விட்டுவிட வேண்டுமா? விட்டுவிட்டால் நான் எதற்காக ஜெபிக்கிறேன்?

எழுத்தாணி | மதுரை | புதன், காலை 7.20

விட வேண்டாம், சகோதரி. நிலத்தை வாங்கி முடித்ததும் எரேமியா என்ன செய்தார் என்று அதே 32ஆம் அதிகாரத்தில் பாருங்கள். நன்றி செலுத்திவிட்டுப் படுத்து உறங்கவில்லை. பெரிய ஜெபம் ஒன்றைத் தொடங்குகிறார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே என்று ஆரம்பித்து, முடிவில், நகரம் கல்தேயராகிய பாபிலோனியர் கையில் விழப்போகிறதே, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்லுகிறீரே என்று கேட்டு நிறுத்துகிறார். முதலில் கீழ்ப்படிந்தார், பிறகு கேள்வி கேட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் 33ஆம் அதிகாரம் வரை நீளும் ஆறுதல் வருகிறது.

அனனியாவுக்கு எரேமியா சொன்ன ஆமெனை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தடையே இல்லை.

அலைவாய்க்கரை | கன்னியாகுமரி மாவட்டம் | புதன், இரவு 11.05

நான் கத்தோலிக்கன். எங்கள் திருவிவிலியத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்பது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வரும். ஆகவே நான் எதிர்நோக்கு என்று எழுதினால் நீங்கள் நம்பிக்கை என்று வாசித்துக்கொள்ளுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2025ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக அறிவித்தபோது, எங்கள் பங்கில் அந்தச் சொல்லைக் கேட்ட பலருக்கு 2017 நினைவுக்கு வந்தது.

2017 நவம்பர் 29 இரவு ஒக்கி புயல் எங்கள் கடலில் திரண்டபோது, ஆழ்கடல் விசைப்படகுகள் பல கரைக்கு வெகு தொலைவில் இருந்தன. என் அண்ணன் அதில் ஒன்றில் இருந்தார். முதல் வாரம் லட்சத்தீவில் ஒதுங்கியிருப்பார்கள் என்றார்கள். சிலர் உண்மையாகவே அப்படி ஒதுங்கி, திரும்பியும் வந்தார்கள். அதனால்தான் காத்திருப்பது இன்னும் கடினமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார், நம் வீட்டில் வரவில்லை. அம்மா இரவில் கதவைத் தாழிடவில்லை. கோயிலில் செபமாலை நடக்கும். காணாமற்போனவர்கள் திரும்ப வேண்டும் என்று செபிப்போம். கிறிஸ்துமஸ் வந்தது, குடிலில் நட்சத்திரம் போடவில்லை.

பிறகு தாள்கள் வந்தன. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்வதற்குச் சாதாரணமாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அவ்வளவு காலம் காத்திராமல் நிவாரணம் பெறுவதற்கான தாள்கள். அண்ணியின் கையெழுத்து வேண்டும். அம்மா தடுத்தார். "நீ போட்டா அவன் வரமாட்டான்" என்றார். அந்தத் தாள்தான் மகனைக் கொல்லப்போகிறது என்று அவர் நினைத்தார். அண்ணி மூன்று நாள் சாப்பிடவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார்.

எங்கள் பங்குத்தந்தை வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னது ஒரே ஒரு செய்திதான். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது இயேசு தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார், சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்று யோவான் நற்செய்தியில் இருக்கிறதே, மூன்றாம் நாள் உயிர்த்தெழுவார் என்று அறிந்தவருக்கு அது எதற்கு என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அண்ணி கையெழுத்துப் போடும்போது அம்மா பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

இன்றும் அம்மா கதவைத் தாழிடுவதில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று இறந்தோருக்குக் கொடுப்பதுபோல் அண்ணனுக்காகத் திருப்பலிக் கருத்தும் கொடுக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் ஒரு காலத்தில் வாதாடினேன். இப்போது வாதாடுவதில்லை.

எபெனேசர்7 | சென்னை | வியாழன், காலை 6.35

இரவு இதை வாசித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

நான் ஏன் இவ்வளவு வலியுறுத்தினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாயார் 2019இல் புற்றுநோயால் இறந்தார். கடைசி நான்கு மாதங்கள் நாங்கள் ஒவ்வொரு நாளும் சுகமாகிவிட்டார் என்று அறிக்கையிட்டோம். ஒரு நாள் மாலை, தம் வளையல்களை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நான், "அம்மா, அப்படிப் பேசாதீர்கள், அது எதிரியின் சத்தம்" என்று தடுத்தேன். அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வளையல்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. என் தங்கைக்கும் என் மனைவிக்கும் இடையே அது பற்றி எழுந்த கசப்பு இன்றும் தீரவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

நான் அறிக்கையிடுவதை விட்டுவிடவில்லை. தேவன் சுகமாக்குகிறவர் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சகோதரி, உங்கள் கணவர் ஏதாவது சொல்ல வந்தால் அவரைத் தடுத்துவிடாதீர்கள்.

எழுத்தாணி | மதுரை | வியாழன், காலை 8.00

சகோதரர் எபெனேசர் அவர்களுக்கு: நீங்கள் தொடக்கத்தில் காட்டிய எபிரெயர் 11ஆம் அதிகாரத்திலேயே அறிக்கை என்ற சொல் வருகிறது. 13ஆம் வசனம்: "இவர்களெல்லாரும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு, பூமியின்மேல் தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று அறிக்கையிட்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள்." அடையாமல் மரித்தவர்களை அந்த அதிகாரம் அவிசுவாசிகளின் பட்டியலில் வைக்கவில்லை. உங்கள் தாயாரின் வளையல் பேச்சும் அப்படிப்பட்ட ஓர் அறிக்கையாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களைப் புண்படுத்துவதற்காக இதை எழுதவில்லை.

பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் நடுவயதைக் கடந்திருந்தவர் பெரும்பாலும் அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டிருப்பார்கள். முதல் ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் சிலர் திரும்பி வந்து அழுததை எஸ்றா 3 சொல்லுகிறது. தானியேல் எரேமியாவின் 70 வருஷத்தைப் புத்தகங்களில் வாசித்து அறிந்து உபவாசித்தார், ஆனால் கோரேசின் மூன்றாம் வருஷத்திலும் அவர் பாபிலோனில்தான் இருக்கிறார். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அந்தக் கடிதம் சொன்னது இவர்களுக்குத்தான்.

பொருநைக்கரை | பாளையங்கோட்டை | திங்கள், இரவு 9.15

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது; மன்னியுங்கள்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து அவர் தூங்கி எழுந்தபின், பயந்துகொண்டே பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை, கலங்கவும் இல்லை. பரணிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுக்கச் சொன்னார். வீட்டுப் பத்திரம், காப்பீட்டுத் தாள், எங்கள் திருமணச் சான்று எல்லாம் அதில்தான் இருந்தன. கரையான் படாமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்தார். மண்பாண்டத்தைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்.

வங்கி நாமினியை ஏன் இத்தனை நாள் மாற்றவில்லை என்று கேட்டபோதுதான் சற்று நேரம் பேசாமல் இருந்தார். விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். அம்மாவின் பெயரைத் தம் கையால் அடிக்க மனம் வரவில்லையாம். அலைவாய்க்கரை சகோதரர் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, படிவத்தைக் கொண்டுவா என்றார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனையும் கூட உட்கார வைத்து, எந்தத் தாள் எதற்கு என்று அவரே சொல்லிக் கொடுத்தார். அந்த இரவு ஜெபத்தில் வழக்கம்போல் சிறுநீரகத்தைக் கேட்டோம். சைக்கிளையும் கேட்டோம். அட்டை ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. பக்கத்தில் 29ஆம் அதிகாரம் முழுவதையும் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பதிவாளர் ஐயா அவர்களுக்கு ஒரு கேள்வி. வீட்டைப் பற்றி உயில் ஒன்று எழுதி வைக்கலாம் என்று அவர் நினைக்கிறார். நேற்று ஆராதனை முடிந்து வீட்டுக் கூட்டத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சாட்சி வேண்டுமானால் தாம் வருவதாகச் சொன்னார். அவரும் என் அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

பழைய_பதிவாளர் | தஞ்சாவூர் | திங்கள், இரவு 9.50

தாராளமாகப் போடலாம், மகளே. நம்மவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயன்பெறுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது, ஆகவே நீங்கள் போட வேண்டாம். உயில் இல்லாமற்போனால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதியும் என்பது பொது விதி. நாமினி என்பவர் வங்கிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆகவே படிவத்தை மாற்றியதோடு நிறுத்தாமல் உயிலையும் எழுதி வைப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் பிற்பாடு தொல்லை குறையும்.

உங்கள் கணவர் கையெழுத்திடுவதை இரு சாட்சிகளும் நேரில் பார்க்கட்டும். நாளை செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நாள், அவர் களைத்திருப்பார். புதன்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் டின்னின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.